தாமிரப் பாத்திரம் அரிக்குமா?

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தன்னிச்சை'. வேதியியல் வகுப்பில், "இந்த வினை தன்னிச்சையா நடக்குமா? மின்னழுத்தத்தைக் கழிச்சுப் பாரு. நேர்க்குறி வந்தா நடக்கும், எதிர்க்குறி வந்தா நீ தலைகீழா நின்னாலும் நடக்காது" என்று தொண்டை கிழியக் கத்துவார். அவர் வாழ்க்கையில் மட்டும் எதுவும் தன்னிச்சையாக நடந்ததில்லை. படிப்பை அப்பா தேர்ந்தெடுத்தார், பெண்ணைத் தாய்மாமா, சட்டையை மனைவி. எல்லாவற்றுக்கும் தலையாட்டியே மச்சானுக்கு முடி கொட்டிவிட்டது என்பார் மைத்துனர்.

அப்படிப்பட்டவர் ஒரு கோடையில், விடைத்தாள் திருத்தும் முகாமில் வாயைத் திறந்துவிட்டார். கேள்வி சின்னதுதான்: இரும்பு சல்பேட் கரைசலைத் தாமிரப் பாத்திரத்தில் வைக்கலாமா? 'கூடாது, பாத்திரம் அரித்துவிடும்' என்றது விடைக்குறிப்பு. யாரோ கழித்தலை மாற்றிப் போட்டிருந்தார்கள். 'வைக்கலாம்' என்று சரியாக எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை போட அவருக்குக் கை கூசியது.

"ஐயா, குறிப்பு தப்பு" என்றார் தலைமைத் தேர்வாளரிடம்.

"மேலிடத்துலேர்ந்து வந்தது சார் அது."

"வினை மேலிடத்தைக் கேட்டுக்கிட்டா நடக்குது? இரும்புதான் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும், தாமிர அயனி வாங்கிக்கும். திருப்பி நடக்கவே நடக்காது."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஓட்டுக்கு விட்டுருவோம்."

சாப்பாட்டு வேளை நெருங்கியிருந்தது. பசித்த கைகள் மளமளவென்று உயர்ந்தன. குறிப்பு அமோகமாக வென்றது.

மறுநாள் அவர் பள்ளி ஆய்வகத்திலிருந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றில் இளம்பச்சை இரும்பு சல்பேட், அதில் தாமிரத் தகடு. மற்றதில் நீலநிறத் தாமிர சல்பேட், அதில் இரும்பு ஆணி. டீ வருவதற்குள் ஆணி செம்பழுப்பாகிவிட்டது. தகடோ குளிக்கப் போட்ட எருமைபோல அசையாமல் கிடந்தது.

தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். "தகடு மெதுவா அரிக்கும் சார். பொறுமை வேணும்."

"அப்ப இந்த ஆணி?"

"ஆணியைப் பத்திக் கேள்வியே இல்லையே!"

வீட்டில் மனைவி கேட்டாள்: "ஏங்க, முகம் ஏன் இப்படித் தொங்குது? நீங்க சொன்னது சரிதானே?"

"சரிதான்."

"அப்புறம் என்ன? சரின்னு போட்டுட்டு வாங்க."

மறுநாள் முகாமில், தன் விடைத்தாள் கட்டுக்குள் இருந்த சரியான விடைகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டார். கட்டைப் பிடுங்கிக்கொண்டு கூட்டல் சரிபார்க்க உட்கார வைத்தார்கள். சில நாளில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: 'வைக்கலாம்', 'கூடாது' இரண்டுக்கும் முழு மதிப்பெண், கேள்வி எண்ணை மட்டும் எழுதியவர்களுக்கும் உண்டு. இந்தச் சமரசத்துக்காகத் தலைமைத் தேர்வாளரைப் பாராட்டி, விடைக்குறிப்பு தயாரிக்கும் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் இவரை யாரும் முகாமுக்கு அழைக்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மதியமெல்லாம் மல்லாந்து தூங்கினார். முகாம்களில் குனிந்து திருத்தியே வந்த நெடுநாள் இடுப்புவலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.