தண்ணீர் அந்தப் பக்கம், வண்டி இந்தப் பக்கம்

என் அண்ணன் மங்கேனியின் அடக்கத்தன்று எல்லைக் கூட்டுக்குழுவின் செயலாளர் வன்சாலா ஒலிபெருக்கியில் பதினைந்து நிமிடம் பேசினார். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெயரைச் சரியாகச் சொன்னார். வயது ஐம்பத்தெட்டு என்றார், அதுவும் சரி. மற்றதை நான் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் முடோமா. நடுவில் ஒரு தடுப்புக் கம்பம். கம்பத்துக்குக் கிழக்கே கென்ய முடோமா, மேற்கே உகாண்டா முடோமா. அண்ணன் கிழக்கே இருந்தார். நான் மேற்கே வாழ்க்கைப்பட்டு அங்கேயே பள்ளியில் பாடம் நடத்துகிறேன். மாவு கிழக்கே மலிவு என்றால் கிழக்கே போய் வாங்குவோம், மீன் மேற்கே மலிவு என்றால் மேற்கே வருவார்கள். கம்பத்துக்குக் குனிந்து கொடுத்தே எங்கள் பெண்களுக்கு இடுப்பு வலி என்று ஒரு கேலி உண்டு.

மொம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் நாற்பத்தொன்றாம் வயதில் கென்ய முடோமா நகராட்சியில் தீயணைப்பு வண்டி டிரைவராகச் சேர்ந்தார். ஐரோப்பாவில் எங்கோ ஓடி ஓய்ந்த வண்டி அது. கதவில் எழுதியிருந்ததை இங்கே யாராலும் படிக்க முடியவில்லை. ‘அது அந்த ஊர் மேயரோட மாமியார் பேரு, அதான் இவ்வளவு நீளம்’ என்று அண்ணன் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

வண்டி வந்த முதல் வாரமே ஒன்று தெரிந்துவிட்டது. கிழக்கே வண்டி இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஆழ்துளைக் கிணறு ஒரு டேங்கை நிரப்ப ஒரு பகல் எடுக்கும். மேற்கே ஆற்றங்கரையில் பம்ப் ஹவுஸ் இருக்கிறது, நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிறது, வண்டி இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டரும் ஒரு கம்பமும்.

பம்ப் ஹவுஸை நடத்தியவர் நபுவிரே. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அண்ணன் ஒரு நாள் நடந்தே போய் அவரிடம் கேட்டார்.

“எங்க வண்டிக்கு வாரம் ஒரு டேங்க் தண்ணி தருவீங்களா அக்கா?”

“எங்க சந்தை பத்திக்கிட்டா வருவியா?”

“கூப்பிட்டா வருவேன்.”

“கூப்பிடுற அளவுக்கு எனக்குப் போன்ல காசு இருக்காது. புகையைப் பார்த்தா வா.”

ஒப்பந்தம் அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு வண்டி கம்பத்தைத் தாண்டும். தாண்டும்போது ஹாரன் இரண்டு தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாக. அந்தச் சத்தம் கேட்டதும் நபுவிரே வால்வைத் திறப்பார். அண்ணன் போய்ச் சேரும்போது ஹோஸில் தண்ணீர் தயாராக இருக்கும். கம்பத்தில் யார் காவல் இருந்தாலும் தூக்கிவிடுவார்கள். பதினொரு வருஷம். முப்பத்தேழு தீ. அதில் இருபது மேற்கே. ஒரு தாள்கூட யாரும் எழுதவில்லை.

பிறகு எழுதினார்கள்.

வெளிநாட்டு நிதியில் ‘இரட்டை நகர ஒத்துழைப்பு’ என்று ஒரு திட்டம் வந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் பந்தல், பாண்டு வாத்தியம், இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டிருப்பது போல ஒரு கேக். அண்ணனை வண்டியைத் துடைத்து ரிப்பன் கட்டி ஓட்டிவரச் சொன்னார்கள். இரண்டு மேயர்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டிரைவரை இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னார்கள், கண்ணாடியில் தலை தெரிகிறதாம்.

அந்த ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு இது: அவசர வாகனங்கள் எல்லை தாண்டலாம், கூட்டுக்குழுவிடம் பதினான்கு நாள் முன்பாக எழுத்து மூலம் அனுமதி பெற்றிருந்தால். அடுத்த வெள்ளிக்கிழமை கம்பம் எழவில்லை. அதுவரை சும்மா தூக்கிவிட்டவர்களிடம் இப்போது விதி இருந்தது.

அண்ணன் ஏழாம் பிரிவின் நகலை எடுத்துக்கொண்டு வந்து, என்னைப் படிக்கச் சொல்லி, நபுவிரேயையும் கேட்க வைத்தார். நபுவிரே யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்போ நெருப்பு ரெண்டு வாரம் முன்னாடியே மனுப் போட்டுடணும்.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்பின்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டு வருஷத்தில் அண்ணன் தண்ணீருக்காக இருபத்துமூன்று மனு எழுதினார். எல்லாம் என் கையெழுத்து, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியவை. கூட்டுக்குழு அந்த இரண்டு வருஷத்தில் இரண்டே முறை கூடியது, ஒரு முறை தேநீருக்குப் பிறகு கலைந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. ஊர் குடித்தது போக மிஞ்சிய கிணற்றுத் தண்ணீரில் டேங்க் எப்போதும் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அண்ணன் பழக்கத்தில் வண்டியைக் கிளப்புவார், கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்.

ஜனவரியில் ஒரு வெயில் நாள், பிற்பகல் மூன்று மணி. மேற்குச் சந்தையில் பழைய துணி விற்கும் வரிசையில் தீப்பிடித்தது. புகை கம்பத்துக்கு நேர் எதிரே எழுந்தது. அண்ணன் வண்டியோடு கம்பத்துக்கு வந்துவிட்டார். காவலில் இருந்தவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த இளம் அதிகாரி.

“கடிதம் இருக்கா ஐயா?”

“அதோ புகை. அதைப் படிச்சுக்க.”

“கடிதம் இல்லாம திறந்தா என் வேலை போயிடும்யா. செயலாளருக்குப் போன் போடுறேன்.”

வன்சாலாவின் போன் அணைந்திருந்தது. அவர் அன்று தலைநகரில் ஒரு ஹோட்டலில் இருந்தார். எல்லை தாண்டிய ஒத்துழைப்பு பற்றி மூன்று நாள் பயிலரங்கம்.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. நானும் பள்ளியை விட்டு ஓடிவந்து அங்கே நின்றேன். “ஏறுப்பா, நீயும் கூட வா. நான் தப்பிச்சு ஓடினா அங்கயே என்னைப் பிடிச்சுக்க” என்று அண்ணன் அந்த அதிகாரியிடம் கெஞ்சியதைக் கேட்டேன். அவர் மறுபடி மறுபடி போனைக் காதில் வைத்தார். பதினெட்டு நிமிடம் போயிற்று. பதினெட்டு என்று அண்ணன்தான் எண்ணி வைத்திருந்தார்.

கடைசியில் அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, “சரி தம்பி, உன் வேலை போக வேண்டாம். நீ கொஞ்சம் தள்ளி நில்லு” என்றார். வண்டியைப் பின்னால் எடுத்தார். முன்னால் வந்தார். கம்பம் முறிந்து சாக்கடையில் விழுந்தது. ஹாரன் இரண்டு குட்டை, ஒரு நீளம்.

நபுவிரே புகையைப் பார்த்தபோதே வால்வைத் திறந்து வைத்திருந்தார். ஆறு வரிசைக் கடைகளில் நான்கு பிழைத்தன. அகுமு பிழைக்கவில்லை. இரண்டாம் வரிசையில் தையல் கடை போட்டிருந்தவள். தையல் மிஷினை எடுக்க உள்ளே போனவள். அவள் உள்ளே போனது அந்தப் பதினெட்டில் எத்தனையாவது நிமிடம் என்று அண்ணன் பலரிடம் விசாரித்துக்கொண்டே இருந்தார். யாரும் அவரிடம் சரியாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரி சொல்லி எனக்குத் தெரியும். பதினொன்றாவதில்.

அண்ணனை இரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். பிறகு வேலைநீக்கம். குற்றம் இரண்டு: அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியது, நகராட்சி வாகனத்தை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுசென்றது. வெளிநாடு என்பது நான் தினமும் உகாலிக் களி கிண்டும் வீடு.

அன்று வண்டி எல்லை தாண்டியது ஒப்பந்தத்தின்படி நடந்ததுதான் என்று கூட்டுக்குழு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வேலைநீக்கம் செல்லாது. அண்ணன் நான்கு வருஷம் கேட்டது அந்த ஒரு வரியை. வாடகை மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிக்கொண்டே, செவ்வாய்தோறும் வன்சாலாவின் அலுவலகத்துக்குப் போவார். பெஞ்சில் உட்காருவார்.

ஒரு நாள் வன்சாலா அவரை உள்ளே கூப்பிட்டார். அண்ணன் துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார்.

“மங்கேனி, எதுக்கு இந்தப் பிடிவாதம்? தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. மனிதாபிமான அடிப்படையில அடுத்த மாசமே வண்டியில உட்காரலாம்.”

“எழுதலாம் சார். அதுக்கப்புறம் எனக்கு அடுத்து வர்ற டிரைவர் கம்பத்துல என்ன பண்ணுவான்?”

“அது அவன் பாடு.”

“என் பாடும் அதான் சார். நான் தப்புன்னு எழுதினா அவன் அங்கயே நிப்பான். எத்தனை நிமிஷம் வேணும்னாலும் நிப்பான்.”

வெளியே வந்ததும் என்னிடம், “தாகா, கோபமா இருக்கியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இரு. எனக்கும் சேர்த்து இரு. எனக்கு வண்டி ஓட்டணும், கை நடுங்கக் கூடாது” என்றார். மோட்டார் சைக்கிளைத்தான் சொன்னார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அடக்கத்தன்று மேற்கிலிருந்து நானூறு பேர் கம்பத்தைத் தாண்டினார்கள். சந்தைப் பெண்கள், மீன்காரிகள், அகுமுவின் மகள். யாரிடமும் யாரும் தாள் கேட்கவில்லை. வன்சாலா மலர்வளையத்தோடு வந்தார். ‘இரட்டை நகர ஒத்துழைப்பின் தூண் சாய்ந்தது’ என்றார். நான் அண்ணி அஜியாம்போவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடித்தது அவளுக்காக இல்லை, எழுந்துவிடக் கூடாது என்பதற்காக.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை இறக்குமுன் குலத்தார் ஒருவர் எழுந்து, இறந்தவர் யாருக்காவது தர வேண்டியதோ, அவருக்கு யாராவது தர வேண்டியதோ இருந்தால் இப்போதே சொல்லச் சொல்வார். மண் விழுந்த பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. சொன்னதைத் தீர்க்காமல் பெட்டியை இறக்கவும் கூடாது. அன்றும் கேட்டார்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை.

நபுவிரே எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

“இவருக்கு ஒரு வரி வர வேண்டியிருக்கு. தர வேண்டியவர் முன்வரிசையில மெத்தை நாற்காலியில உட்கார்ந்திருக்கார்.”

வன்சாலா சிரிக்கப் பார்த்தார். “அம்மா, துக்க வீட்டுல அலுவலக விஷயம் வேண்டாமே. திங்கட்கிழமை வாங்க.”

“அவர் நாலு வருஷம் செவ்வாய்க்கிழமை வந்தாரு. நீங்க திங்கட்கிழமை தர்றவர்னு தெரியாமப் போச்சு.”

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்க வந்த ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. கூட்டம் நகரவில்லை. வன்சாலா நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதி நபுவிரேயிடம் நீட்டினார். அவர் அதைப் பார்க்காமல் என்னிடம் கொடுத்தார். “படி தங்கச்சி. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

நான் மைக்கில் படித்தேன். “காலஞ்சென்ற மங்கேனியின் குற்றம் மனிதாபிமான அடிப்படையில் மன்னிக்கப்படுகிறது.”

அகுமுவின் மகள் எழுந்து நின்றாள். நபுவிரேதான் சொன்னார்:

“மன்னிக்க நீ யாரு தம்பி? அடிச்சு எழுது.”

வன்சாலா அடித்து எழுதினார். மறுபடி நான் படித்தேன். “அன்றைய தினம் தீயணைப்பு வண்டி எல்லை தாண்டியது இரட்டை நகர ஒப்பந்தத்தின்படியே நடந்தது.”

“சீல்?” என்றார் நபுவிரே.

“சீல் ஆபீஸ்ல இருக்கும்மா.”

பந்தலின் ஓரத்திலிருந்து வன்சாலாவின் சொந்த டிரைவர், பெரிய உதவி செய்கிற குரலில், “சார், பைக்குள்ளதான் சார் இருக்கு. கொண்டாரவா?” என்றான். கொண்டுவந்தான்.

நான்கு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக் கிடைக்காதது இருபது நிமிடத்தில் எழுதி முடிந்தது. பேனா வன்சாலாவின் சட்டைப் பையில்தான் இருந்தது. என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

அண்ணி அந்தத் தாளை அண்ணன் கையில் வைக்கச் சொன்னாள். வைக்கத்தான் போனேன். நபுவிரே என் மணிக்கட்டைப் பிடித்தார். “அவருக்கு எதுக்கு? அவர் தாண்டிட்டாரு. தாண்ட வேண்டியவன் அங்க நிக்கிறான் பாரு.” கூட்டத்தின் கடைசியில் சான்யா நின்றான், வண்டியின் புதிய டிரைவர். மூன்று வருஷமாக வண்டியைக் கழுவி மட்டும் வைத்திருப்பவன். அண்ணி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தானே தாளை வாங்கிக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் கம்பத்தில் நின்றேன். சான்யா அந்தத் தாளை முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தான். காவலில் இருந்தவர் இரண்டு முறை படித்தார்.

“இது அன்னைக்கு நடந்ததுக்கு. இன்னைக்கு நடக்கறதுக்கு எங்க?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சான்யா இன்ஜினை அணைக்காமலே இருந்தான். அவனுக்குப் பின்னால் மாவு மூட்டையோடும் மீன் கூடையோடும் பெண்கள் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரும் கம்பத்துக்குக் குனியவில்லை. நிமிர்ந்து நின்று அந்த மனிதரையே பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார், பிறகு தாளில் அடித்திருந்த வரியைப் பார்த்தார். கம்பத்தைத் தூக்கினார்.

சான்யாவுக்கு ஹாரன் தெரியாது. மூன்று தடவை குட்டையாக அடித்தான். ஆற்றங்கரையிலிருந்து நபுவிரேயின் குரல் எங்களுக்கே கேட்டது.

“எவன்டா அவன், தப்பா அடிக்கிறது?”

திட்டிக்கொண்டேதான் வால்வைத் திறந்திருக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது ஹோஸில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.