இடது கையில் வாங்காத திருநீறு

தைப்பூசம் முடிந்த மறுவாரம், திலக் நகர் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்த நான் எழுந்திருக்கவில்லை. மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக் கட்டி. அன்றே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். உயிர் வந்தது; வலது கை வரவில்லை. விரல்கள் ஐந்தும் மடங்கியே கிடந்தன.

அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் பிறர் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவன் நான். இப்போது முருகனுக்கு விண்ணப்பித்தேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். அதற்கும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் கோயிலுக்குப் போனேன். குருக்கள் திருநீறு நீட்டினார். கை திறக்கவில்லை. "நானே நெத்தியில இட்டு விடறேன் சார்" என்றார். மறுத்துவிட்டேன். இடது கையையும் நீட்டவில்லை. மூடிய கையை நீ திறக்கும்வரை உன் திருநீறு வேண்டாம் என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

"முருகன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார். உங்களுக்குத்தான் வீம்பு" என்றாள் என் மனைவி கோமதி. வீம்புதான். அன்றுதான் முதல்முறை அழுதேன்.

கோயில் வரிசையில் என் பின்னால் நின்ற அம்மாள், எங்கள் பகுதிக்குப் பக்கத்தில், சயானில் அக்குபங்சர் செய்யும் பாத்திமாவைப் பற்றிக் கோமதியிடம் சொல்லியிருந்தார். நான் முதலில் சிரித்தேன். பிறகு முறைப்படி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் ஊசி குத்திக்கொள்ளலாமா என்று அறுவை செய்த டாக்டரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே அனுமதி வாங்கினேன்.

பாத்திமா கடிதத்தை இருமுறை படித்தார். "இப்படிக் கடுதாசியோட யாரும் வந்ததில்ல சார். ஊசியால கை வந்துரும்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரையையும் பிசியோதெரபியையும் விட்டுட்டு மட்டும் இங்க வராதீங்க."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. வாரம் இருமுறை போனேன். ஒவ்வோர் ஊசிக்கும் 'சரவணபவ' என்றேன். பாதி பக்தி, பாதி பயம். இரண்டு மாதம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் அசைந்தது. அடுத்து சுட்டுவிரல்.

ஆடிக் கிருத்திகையன்று வலது கையை நீட்டினேன். உள்ளங்கை பாதிதான் விரிந்தது. பாதித் திருநீறு தரையில் கொட்டியது. குருக்கள் மறுபடி அள்ளினார்.

"போதும் சாமி. இவ்வளவுக்குத்தான் சண்டை" என்றேன்.

நெற்றியில் கோணலாக இட்டுக்கொண்டேன். எதையும் திருத்தும் கோமதி அதைத் திருத்தவில்லை.

ஊசியா, பயிற்சியா, முருகனா என்று மகன் கேட்கிறான். உத்தரவு வந்த பிறகு, கோப்பு யார் யார் மேஜையைத் தாண்டியது என்று நான் ஆராய்வதில்லை. இப்போது செவ்வாய்தோறும் சயானுக்குப் போய், புதிதாக வருகிறவர்கள் தங்கள் டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை இடது கையால் எழுதித் தருகிறேன்.

நீங்களும் முருகனிடம் கேளுங்கள். பணிந்து கேட்க வரவில்லையென்றால் சண்டை போட்டுக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். எனக்கு இன்னும் மூன்று விரல் பாக்கி. நான் விடுவதாக இல்லை. அவனுக்கும் அது தெரியும்.