அமெரிக்கச் சீமாட்டியின் பிரிட்ஜ்

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இத்தாலியின் பலெர்மோ நகரம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். நான் வேலை செய்யும் வீட்டில் மட்டும் அந்த நேரத்தில் ஓர் அமெரிக்கப் பெண் பிரிட்ஜைத் திறந்து சிரிப்பாள். நான் பராமரிக்கும் கிழவர், ஐயா என்ற பொருளில் நான் சிஞ்ஞோரே என்று கூப்பிடுபவர், ஒருகாலத்தில் தியேட்டரில் படம் ஓட்டியவர். அமெரிக்கக் கம்பனிகள் அந்த நாளில் சாமான் விற்க எடுத்த விளம்பரப் படங்களைக் கணினியில் திரும்பத் திரும்பப் போடுவார். முத்துமாலை போட்டுக்கொண்டு யாராவது நிலம் துடைப்பார்களா? எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் கழுவுகிற கோப்பையை விட்டுவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பேன்.

இங்கே எங்கள் இலங்கை ஆட்களிடம் ஒரு வழக்கம். ஊருக்கு வீடியோ எடுப்பதென்றால் வேலை செய்யும் வீட்டுக் குசினியில், அந்தப் பெரிய சமையலறையில், நின்றுதான் எடுப்போம். யாருடைய குசினி என்று நாங்களும் சொல்வதில்லை, ஊராரும் கேட்பதில்லை. போன நத்தார்ப் பண்டிகைக்கு நானும் அப்படி ஒன்று எங்கள் ஊர் மன்னாருக்கு அனுப்பினேன். இன்று காலை தங்கச்சி டிலானி போன் எடுத்தாள். அங்கே அவள் ரீச்சர்.

"அக்கா, வேலையை விடப்போறன் எண்டு அதிபரிட்டைச் சொல்லிப்போட்டன். திங்கள் கையெழுத்து வைக்கிறன். நானும் அங்கை வாறன்."

"உனக்கென்ன விசரே? இஞ்சை வந்து என்ன செய்யப்போறாய்?"

"நீங்கள் இருக்கிற மாதிரி இருக்கப்போறன்."

மத்தியானம் அந்த பிரிட்ஜ் படம் ஓடும்போது பொறுக்கமுடியாமல் சிஞ்ஞோரேயிடம், "இதை ஆர் நம்பினது?" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டேன். நான் பிரிட்ஜ் வாங்க ஆசைப்படுகிறேன் என்று நினைத்து, இப்போது அது கடையில் கிடைக்காது என்றார். கையைக் காலை ஆட்டி மறுபடி விளக்கினேன்.

"என் அண்ணன்," என்றார். அண்ணன் இதைப் பார்த்துத்தான் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாராம். அங்கே போய் யாரோ ஒருவரின் ஹோட்டலில் கோப்பை கழுவினாராம், ஊர் திரும்பவே இல்லையாம்.

"ஏன் திரும்பி வரேல்லை?"

"வெர்கோஞ்ஞா," என்றார். வெட்கம்.

வேலை முடிந்ததும் போர்கோ வெக்கியோ என்ற பழைய பகுதியில் உள்ள என் அறைக்கு ஓடினேன். எதையும் ஒதுக்கி அடுக்கவில்லை. வீடியோ கோலில் டிலானியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன்: ஈரம் ஊறிய சுவர், மற்றப் பெண்களின் கட்டில்கள், தலைக்கு மேலே காயும் உடுப்பு, திரைக்குப் பின்னால் ஒற்றை அடுப்பு.

"வடிவாப் பார். இதுதான் நான் இருக்கிற இடம். நீ பாத்தது நான் வேலை செய்யிற சிஞ்ஞோரேயின்ரை வீடு."

"நான் வாறது விருப்பமில்லையெண்டால் நேரை சொல்லுங்கோ அக்கா. ஆற்றையோ அறைக்குள்ளை போய் நிண்டு கதைவிடாதேங்கோ."

போனை வைத்துவிட்டாள். நான் என் கட்டிலின் நுனியில், முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.