கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வைஸ்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் நேர்வழி கிடையாது. இரண்டும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள்தான். இருந்தாலும் மெட்ராஸ் பக்கம் போய், பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, மறுபடி வடக்கே திரும்ப வேண்டும். ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனால் அதில் பாதி தூரம்தான் இருக்கும். ஆனால் திரும்பும்போது எங்களிடம் இரும்புச் சுமை இருக்கும், எந்தக் கண்டக்டரும் ஏற்றிக்கொள்ள மாட்டார். அதனால் 1974 மாசி மாதத்து ஒரு காலையில் நானும் என் மனைவியின் தம்பி வரதனும் திருவள்ளூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். மணி ஆறு. எனக்கு அப்போதே அலுப்பாக இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். மின்வெட்டு வந்து, மூன்று ஷிஃப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் வெளியே அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பெருமாள் கோயிலைச் சுற்றியே பிழைத்தவர்கள். வரதன்கூட மடைப்பள்ளியில்தான் இருந்தான். நான் ஒருவன் இரும்பு வேலைக்குப் போய்க் கெட்டேன் என்று உறவில் பேச்சு இருந்தது. கோயிலுக்குத் திரும்ப எனக்கு வழியும் இல்லை, மனமும் இல்லை. சுற்றுக் கிராமங்களில் வயலுக்கு வயல் பம்புசெட் வந்துவிட்டது, அதை ரிப்பேர் செய்யத்தான் ஆள் இல்லை. தேரடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தேன். கொட்டகை வந்துவிட்டது, கருவிகள்தான் வரவில்லை. புதிதாக வாங்குவதை நினைத்துப் பார்க்க முடியாது. மூர் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளை அலைந்து கழித்ததில் இரண்டு திருப்புளியும் ஒரு குறடும் தேறின. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வரும் ஆலைகள் பழையதைக் கழித்துவிடுகின்றன, அங்கே போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பியிருந்தோம்.

செவ்வாப்பேட்டையிலேயே கூட்டம் ஏறிவிட்டது. ஆவடி, அம்பத்தூர் ஆலைகளுக்குப் போகிறவர்கள் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். அம்பத்தூரில் அவர்கள் இறங்கியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசின் பிரிட்ஜில் முக்கால் மணி நேரம் காத்திருந்து அடுத்த வண்டியைப் பிடித்தோம். எண்ணூர் தாண்டியதும் இரு பக்கமும் உப்பளங்கள், கழிமுகத்துத் தண்ணீர், ஜன்னல் வழியே வரும் கரித்தூள். வரதன் கையில் புளியோதரைப் பொட்டலம் இருந்தது. அவன் வெளியில் எதுவும் வாங்கிச் சாப்பிட மாட்டான். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வண்டி நின்று நின்று போனது. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது பத்தரை ஆகிவிட்டது. ஆளுக்கு இரண்டரை ரூபாய் டிக்கெட்டுக்கு உடம்பு வலிதான் மிச்சம்.

ஸ்டேஷனிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலைக்கு நடந்தோம். சாலையின் ஒரு பக்கம் நெல் வயல். மறுபக்கம் முள்கம்பி போட்ட மனைகள், பாதி எழும்பிய கூரைகள், சுவர் இல்லாமல் நிற்கும் ஒரு வாசற்கதவு. தொழிற்பேட்டை என்று சொன்னார்கள். அன்று பார்த்ததற்கு, யாரோ ஒரு பட்டணத்தைக் கட்டத் தொடங்கி நடுவில் சாப்பிடப் போய்விட்டது போல இருந்தது.

சாலையோரத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. குவியலைக் காட்டி, எடுத்துக்கொண்டு வாருங்கள், நிறுத்துக்கொள்ளலாம், கிலோ இரண்டு ரூபாய் என்றார். வெயிலில் குந்தி உட்கார்ந்து கிளற ஆரம்பித்தேன். பழைய கருவி வாங்குகிறவன் துருவுக்குப் பயப்படக்கூடாது. துரு மேலேதான் இருக்கும், பார்க்க வேண்டியது விரிசலை. சுத்தியல் தலையைக் கல்லில் தட்டினால் மணிபோலக் கேட்க வேண்டும், செத்த சத்தம் வந்தால் வெடிப்பு. அரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பல் மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பேனரின் வாய் அகண்டிருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. இப்படிப் பார்த்துப் பார்த்து ஏழெட்டு ஸ்பேனர், நான்கு அரம், இரண்டு உளி, பிடி இல்லாத ஒரு சுத்தியல் தலை, ஒரு பைப் ரிஞ்ச், கையால் சுற்றித் துளைபோடும் ஒரு டிரில் என்று சாக்கில் சேர்ந்தன. வரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தான். அவன் மேல்துண்டு பகல் பன்னிரண்டுக்குள் செம்மண் நிறமாகிவிட்டது.

வைஸ் மட்டும் கிடைக்கவில்லை. இரும்புத் துண்டை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கருவி அது. பிடிக்க அது இல்லாவிட்டால் அறுக்கவும் முடியாது, அரம் போடவும் முடியாது. மற்றதெல்லாம் இருந்தும் பட்டறை இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். ஆலைக்குப் பின்னால் இருக்கும் குடிசைகளில் ஒரு பழைய ஃபிட்டர் வீட்டில் இருக்கிறது, மங்கம்மா வீடு என்று கேளுங்கள் என்றார்.

வயல் வரப்பில் ஒரு மைல் நடந்தோம். மங்கம்மா நாற்பது வயதுக்காரி, ஆரம்பாக்கத்தில் பிறந்தவள். பேச்சில் தெலுங்கு கலந்திருந்தது. களையெடுப்பிலிருந்து சோற்றுக்கு வந்திருந்தாள், முழங்கால்வரை சேறு. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆலையை விட்டுப் போன வேறொரு பட்டறையில், பிரஸ் மெஷினில் வலது கையின் நான்கு விரல்களும் போய் நான்கு மாதம் ஆகிறது என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள். வைஸ் அடுப்படி மூலையில் கோணிக்குள் இருந்தது. ஐந்து அங்குலத் தாடை. திருகு துருவேறி அசையவே இல்லை. உடம்பில் ஒரு பழைய வெடிப்பு, அதன்மேல் பித்தளை உருக்கிப் போட்ட ஒட்டு மஞ்சளாகத் தெரிந்தது. பக்கவாட்டில் மூன்று எழுத்து அடித்திருந்தது. ஒட்டு நன்றாகப் போடப்பட்ட ஒட்டு. அறுபது ரூபாய் சொன்னாள். நான் குறைத்துக் கேட்கவில்லை. கட்டிலில் இருந்தவர் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்வரை திரும்பவே இல்லை.

வைஸ் இருபது கிலோவுக்குக் குறையாது. அதையும் சாக்கையும் முறை மாற்றி மாற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தோம். சாலைக்குப் போகும் வழி அந்த ஆலையின் வாசலை ஒட்டித்தான் போகிறது. அங்கே வாட்ச்மேன் எங்களை நிறுத்தினார். சாக்கை அவிழ்க்கச் சொன்னார். வைஸைப் புரட்டினார். பக்கத்தில் அடித்திருந்த மூன்று எழுத்தும் அவர் தலைக்குமேல் போர்டில் இருந்த எழுத்தும் ஒன்றாக இருந்தன.

எங்களை உள்ளே கூட்டிப்போய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். சூப்பர்வைசர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், துவைத்த காக்கிச் சட்டை. அவர் சத்தம் போடவில்லை. இது எங்கள் கம்பெனி வைஸ், போன மாதம்கூட இங்கே ஸ்டோரில் சாமான் களவு போனது, யாரிடம் வாங்கினீர்கள் என்று சொன்னால் நீங்கள் போகலாம், இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

விலைக்கு வாங்கினேன் என்றேன். யாரிடம் என்றார். வாயைத் திறந்தேன், கட்டிலில் படுத்திருந்த முதுகு கண்முன் வந்தது, மூடிக்கொண்டேன். அவர் யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார்.

வரதன் என் பக்கம் சாய்ந்தான். "அத்திம்பேர், சொல்லிடுங்கோ. நாம ஒண்ணும் திருடலையே" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வரை போய்வந்தவனை மறுநாள் மடைப்பள்ளியில் சேர்ப்பார்களா? எனக்கும் எந்த ஆலையும் இனிமேல் கதவு திறக்காது. சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றும், வேண்டாம் என்று மறுநிமிடம் தோன்றும். காலையிலிருந்து சாப்பிடாத உடம்பு. பொட்டலத்தை வரதன் பிரிக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி இருக்கும். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மங்கம்மா சேற்றுக் காலோடு உள்ளே வந்தாள். எங்களை நிறுத்தியதை யாரோ களையெடுக்கிற இடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எங்களைப் பார்க்கவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"நைனா, நான்தான் வித்தேன். அவங்கள எதுக்கு உக்கார வச்சிகினு இருக்க?"

கம்பெனிச் சாமான் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்டார்.

"நீ இங்க வேலைக்குச் சேந்த புதுசுல சம்மட்டியால அடிச்சு இத்த ஒடச்சியே, அப்ப வந்துச்சு" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "உன்ன ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு நான்தான் ஒடச்சேன்னு சொன்னாரு. அவரு சம்பளத்துல புடிச்சாங்க. புடிச்சு முடிஞ்சதும் பழைய மேஸ்திரி, ஒடஞ்சத நீயே எத்துகினு போன்னு குடுத்தாரு. பித்தள வாங்கி ஒட்டு போட்டது அவருதான். உனுக்கு ஞாபகம் இல்லையா?"

சூப்பர்வைசர் இரண்டடி முன்னால் வந்தார். வைஸ் தரையில் இருந்தது. குனிந்து, அந்தப் பித்தளை ஒட்டின்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

"அண்ணன் எப்படிக் கீறாரு?" என்றார்.

"கை இருந்தா இத்த வித்திருப்பமா?"

அவர் வாட்ச்மேனிடம், விடுப்பா, போகட்டும் என்றார். உள்ளே போய்விட்டார். களையெடுப்பை விட்டு வந்த நேரத்துக்குக் கூலியில் பிடித்துவிடுவார்களே என்ற கவலைதான் மங்கம்மாவுக்கு இருந்தது போலும். வாசலுக்கு வெளியே நான் ஏதோ நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அதை அவள் நின்று கேட்கவில்லை. "நேரா ரோட்டுக்குப் போங்க சாமி, திரும்ப இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கினாள். வேகமாக நடந்தாள். அவள் வயலுக்குள் இறங்கி மற்றப் பெண்களின் வரிசையில் குனிந்துகொள்ளும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

ஸ்டேஷனில் பொட்டலத்தைப் பிரித்தோம். புளியோதரை ஆறிக் கல்லாக இருந்தது. வரதன் கைகழுவத் தண்ணீர் தேடப் போனவன், குழாய் வறண்டிருந்ததால் திரும்பி வந்து அந்தக் கையோடே உட்கார்ந்து சாப்பிட்டான். மாலை வண்டியில் வைஸை ஸீட்டுக்கு அடியில் தள்ளினோம். எதிரில் இருந்த மீன்காரி ஒருத்தி காலை நீட்டி அதன்மேல் வைத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வரை தூங்கினாள். திருவள்ளூரில் இறங்கியதும் ஜட்காக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குதிரை இழுக்காது என்றார். வரதன் அதைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டான். கோயில் தெரு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. இரண்டு பேர் அவனை நிறுத்தி என்ன இது என்று கேட்டார்கள். "இரும்பு" என்றான்.

அடுத்த நாள் முதல் கொட்டகையில் வேலை. ஸ்பேனர்களையும் உளிகளையும் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். துரு கறுப்பாகக் கழன்று வந்தது. பிறகு செங்கல் தூள் வைத்துத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அரங்களை மண்ணெண்ணெயில் வைத்துக் கம்பி பிரஷ்ஷால் பல் பல்லாகச் சுத்தம் செய்தேன். நான்கில் ஒன்று தேறவில்லை. சுத்தியலுக்கும் தேறிய அரங்களுக்கும் கருவேலங்கட்டையில் புதுப் பிடி போட்டேன். வைஸின் திருகுதான் படுத்தியது. தினமும் மண்ணெண்ணெய் விடுவேன், தட்டிப் பார்ப்பேன், அசையாது. ஒரு சாயங்காலம் விறகு மூட்டி மெல்லச் சூடு காட்டி, பைப்பைக் கைப்பிடியில் மாட்டி நானும் வரதனும் சேர்ந்து இழுத்தோம். ஒரு கிறீச்சல். கால் சுற்று திரும்பியது. வரதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் சிரிக்கவும் தெம்பில்லை.

கும்மிடிப்பூண்டியைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால், பெரிய பெரிய ஆலைகள் வருகின்றன, நிறையப் பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொல்வேன். பொய் இல்லை. வந்தன, கிடைத்தது. எங்கள் ஊரில் கோயில் பட்டு வஸ்திரம் முன்வாசல் வழியாக வரும், சக்கரைப்பொங்கலும் அப்படியே வரும், எல்லோரும் பார்ப்பார்கள். அந்த ஊரில் முன்வாசலில் என்ன வருகிறது என்று பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. பின்பக்கத்து வரப்பு வழியாக வெளியே வந்ததைத்தான் பார்த்தேன், வாங்கினேன், தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் வேலை பங்குனிக் கடைசியில் வந்தது. செவ்வாப்பேட்டைக்கு அப்பால் ஒரு விவசாயியின் பம்பு. ஷாஃப்டில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சாவி தேய்ந்து, நடவு காய்கிற நிலைமை. அதைக் கழற்றி எடுத்து வந்து, அதே அளவுக்கு ஒரு புது இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, ஒரு பகல் முழுக்க அரம் போட்டேன். தாடை இம்மிகூட நழுவவில்லை. மறுநாள் சைக்கிளில் கொண்டுபோய் மாட்டி மோட்டாரை ஓடவிட்டேன். முதலில் காற்று, பிறகு சேறு, அப்புறம் தண்ணீர். வாய்க்காலில் அது ஓடத் தொடங்கியதும் தொட்டியோரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. விவசாயி மடையைத் திறந்துவிட்டு வந்தார். நான் இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, ரொம்பக் களச்சிப் போய்க் கீறீங்க. எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டார்.

"கும்மிடிப்பூண்டியிலேர்ந்து" என்றேன்.

அவர் என் சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பம்புக் கொட்டகைக்குள் போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார்.