கரும்புக் காட்டில் கறுப்புக் கண்ணாடி

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டும்போது அதன் கூரான இலைச் சோகை ஒரு கண்ணைக் கிழித்து, என் கணவருக்கு அந்தக் கண்ணில் பார்வை போனது. இறந்த ஒருவரின் கருவிழியைப் பொருத்தினார்கள். பார்வை திரும்பியது, வெயில்தான் கூசியது. டாக்டர் சொன்னபடி கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குப் போனார்.

"இன்னாய்யா, சினிமாவுல நடிக்க வந்தியா?" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரிக்க, இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அன்றே மறுபடியும் சோகை அடித்துக் கண் சிவந்தது. பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"தையல் பிரியல, தப்பிச்சீங்க" என்றார் டாக்டர்.

பார்க்க வந்த மேஸ்திரியோ, "கண்ணுதான் தெரியுதே, அப்புறம் இன்னா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தவங்க வூட்டுல அழுதுக்கினே குடுத்த கண்ணுங்க இது. நீங்க சிரிக்கிறதுக்கா குடுத்தாங்க?"

இப்போதெல்லாம் கண்ணாடிக்குக் கயிறு போட்டு, அவர் பிடரியில் நானே இறுக்கிக் கட்டி அனுப்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அதையும் அவர் அந்தக் கண்ணால் பார்க்கட்டும்.