அக்காவின் அமெரிக்க வீடு

என் அக்கா குமுதினிக்கு லண்டனில் இரண்டு வேலை. மாலையில் ஒரு கல்லூரியில் அமெரிக்கப் பண்பாடு படிப்பிப்பாள். பகலில் ஒரு சின்ன மியூசியத்தில், அமெரிக்கக் குடியானவர்கள் புழங்கிய கட்டில், கதிரை, போர்வை, சட்டிபானைகளைச் சேர்த்துக் காட்சிக்கு வைப்பாள். இதை நாங்கள் இருக்கும் கிங்ஸ்பரியில் எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். பாதிப்பேர் அவளிடம் அமெரிக்க விசாவைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அப்பா ஞானரட்ணம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது. கணக்காளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவள் இந்தப் பக்கம் போன நாளிலிருந்து, அவளுடைய வேலையைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. ஒரே ஒரு முறை, சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னார்:

"ஆரோ வெள்ளைக்காரன்ரை பழைய கட்டிலைத் துடைக்கவோ இவ்வளவு படிச்சனி?"

"கட்டில் ஆரின்ரையெண்டாலும், அதிலை ஆரோ படுத்தெழும்பினவைதானே அப்பா."

அவர் கை கழுவப் போய்விட்டார். மற்றவர்கள் என்ன சொன்னாலும் அக்காவுக்குக் கவலையில்லை. அப்பா ஒருநாள் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ இரண்டு பேரிலும் எரிச்சல். ஒருவர் கேட்க மாட்டார், மற்றவள் கூப்பிட மாட்டாள். பிடிவாதத்தில் தகப்பனை உரித்து வைத்தவள்.

2009 இலையுதிர்காலத்தில் அவள் மியூசியத்தில் ஒரு முழு அறையையே அமைத்தாள். அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்துக் குடும்பம் ஒன்றின் வீடு: பலகைத் தரை, இரும்பு அடுப்பு, கட்டில், அதன்மேல் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை. உள்ளே நடந்து பார்க்கலாம். சனம் ஈரச் சப்பாத்தும் குடையுமாக ஒரு வாசலால் புகுந்து மறு வாசலால் போய்க்கொண்டிருந்தது.

"ஒருதருக்கும் இது ஒரு வீடு எண்டு தெரியேல்லையடா," என்று அக்கா போனில் அலுத்துக்கொண்டாள்.

அந்தக் கிழமை நான் அப்பாவை லூயிஷாம் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில், ஒன்றும் சொல்லாமல் மியூசியத்துக்குள் கொண்டுபோய் விட்டேன். விஷயம் விளங்கியதும் என்னை முறைத்தார். ஆனாலும் நடந்தார். அறை வாசலில் அக்கா நின்றாள்.

அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காவலாளி ஓடிவந்து அதைத் திரும்பப் போடச் சொன்னான்.

"வீடெல்லோ தம்பி? சப்பாத்தோடை எப்பிடிப் போறது?" என்றார் அவனிடம், தமிழிலேயே.

அக்கா காவலாளியைக் கையால் மறித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் சப்பாத்தையும் கழற்றினாள்.

"உள்ளுக்கு வாங்கோ அப்பா."

அப்பா காலுறையோடு மெதுவாக நடந்து கட்டிலடிக்குப் போனார். எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் போர்வையை வெகுநேரம் பார்த்தார்.

"இதை ஆர் பிள்ளை தைச்சது?"

அக்கா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளிடம் பலமுறை கேட்ட கதைதானே என்று நான் சொல்ல வெளிக்கிட்டேன்.

"நீ பொறு," என்றார் அப்பா. "அவள் சொல்லட்டும்."