வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அந்தப் பகுதியில் பூட்டுக்காரருக்கு 'சாவி' என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவார். "ஊருக்கெல்லாம் கதவைத் திறந்து விடுவாரு. சொந்த வீட்டுச் சாவியத் தொலைச்சுட்டு வாசல்ல நிப்பாரு" என்பது அவர் மனைவியின் வாடிக்கையான கேலி. இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே செருகி வைத்ததுபோல் ஒரு சின்னக் கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் இடம். அந்த நிற்கிற இடம் அவருடைய மகளுக்குச் சொந்தம்.

மகளுக்குப் பதினேழு வயது. பேச்சு கிடையாது. ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு நாலு வயது நிரம்பவில்லை. சாவி வெட்டும் மெஷின் ஓடினால் காதை இறுக்கப் பொத்திக்கொள்வாள். நின்றதும் குனிந்து பித்தளைத் தூளை விரல் நுனியில் ஒற்றி எடுத்துப் பார்ப்பாள். மனசு நிறைந்துவிட்டால் 'ம்' என்று முனகுவாள். ஒரே சுருதி. ஏறாது, இறங்காது, மூச்சு வாங்கும் இடம்கூடத் தெரியாது.

அவள் காலையில் போய்வரும் சிறப்புப் பள்ளியில், சத்தம் புகாத ஓர் அறை கட்ட வேண்டியிருந்தது. சனிக்கிழமை மதியங்களில் தெருத்தெருவாகப் போய் நீல ரிப்பன் கொடுத்து நிதி திரட்டுவதென்று பெற்றோர்கள் முடிவு செய்தார்கள். "எவ்வளவு சேருதுங்கறது ரெண்டாம்பட்சம். வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசுங்க. இது தொத்து வியாதி இல்ல, யாரு விட்ட சாபமும் இல்லன்னு சொல்லுங்க" என்றார் ஆசிரியை. சாவியின் மனைவி நான்கு நாள் உட்கார்ந்து ரிப்பனை விரல் நீளத்துக்கு வெட்டி, மடித்து, ஊசி குத்தினாள். மிஞ்சிய சுருளை மகள் கையில் எடுத்துக்கொண்டாள். பிடுங்க யாருக்கும் மனசு வரவில்லை.

அவர்களுக்கு ஒதுக்கிய தெருவில் நாற்பத்தாறு வீடுகள். வெயில் நேரம், ஆள் நடமாட்டமே இல்லை. மனைவி பேசினாள், சாவி பெட்டியை நீட்டினார், மகள் பின்னால் வந்தாள். மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள். சுருளிலிருந்து ஒரு துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, கேட்டின் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நடந்தாள். அடுத்துப் பல வீடுகளைத் தாண்டி, தெருவின் கடைசியில் இருந்த சர்வேயர் வீட்டில்தான் மறுபடி நின்றாள். அங்கேயும் அதே இரண்டு முடிச்சு.

"ஏன் கண்ணு இந்த ரெண்டு வீடு மட்டும்?" என்று அம்மா கேட்டாள். அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரரின் மனைவி கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"உங்ககிட்ட யாரு சொன்னாங்க?"

"எதைம்மா?"

"எங்க பாப்பாவுக்கு ரெண்டரை வயசாகுது. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்கறா. முந்தாநேத்துதான் டாக்டர்கிட்டப் போனோம். என் அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. ரிப்பன் எங்க வீட்டுக் கேட்ல மட்டும் எப்படி?"

சாவி ஒரு பழைய ரசீதைத் திருப்பிப் போட்டார். பள்ளியின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவள் போன பிறகு ஒரே சாவியை இரண்டு முறை தப்பாக வெட்டினார். மருந்துக்கடைக்காரர் வீட்டை நினைத்து அல்ல. கடைசி வீட்டை நினைத்து.

சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தங்கையோடு தனியாக இருக்கிறார் என்றுதான் ஊருக்குத் தெரியும். அன்று மாலையே ரிப்பனைக் கையில் கசக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க வீட்ல குழந்தையே கிடையாது. இருந்ததும் இல்ல. இதெல்லாம் எதுக்குக் கட்டறீங்க?"

"தெரியாமக் கட்டிட்டா சார். பெரிசா எடுத்துக்காதீங்க."

அடுத்த சனிக்கிழமை அவள் மறுபடி கட்டினாள். அவர் மறுபடி அவிழ்த்தார். மூன்றாவது வாரம் கேட்டுக்கே பூட்டுப் போட்டு, கம்பிகளுக்கு உள்பக்கம் தகரம் அடித்திருந்தார். அவள் ரிப்பனைப் பூட்டின் வளையத்தில் கட்டினாள்.

அன்று வீடு திரும்பியதும் சாவி மனைவியிடம் சொன்னார். பதினான்கு வருடம் தொண்டைக்குள் கிடந்த விஷயம் அது. சர்வேயர் வீட்டின் பின்னறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூப்பிட்டிருந்தார்கள். உள்பக்கம் அல்ல, வெளிப்பக்கம். துளை போடும்போது கதவுக்கு அந்தப் புறம் ஏதோ முனகியது. ஒரே சுருதி. அவர் கையை நிறுத்தினார். "ஃபிரிட்ஜ்தான். பழசு" என்றாள் தங்கை. நான்கு திருகாணியையும் முறுக்கிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது மகளுக்கு மூன்று வயது, முனகத் தொடங்கியிருக்கவில்லை. ஐந்தாவது வயதில் அவள் முதன்முதலாக முனகியபோது, அந்த ஃபிரிட்ஜ் எதுவென்று அவருக்குப் புரிந்தது.

"புரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?" என்றாள் மனைவி. ஆசிரியைக்குப் போன் போட்டாள்.

மறுநாள் மதியம் ஆசிரியையும் சேர்ந்து நான்கு பேராகச் சர்வேயர் வீட்டுக்குப் போனார்கள். காலிங் பெல் இருந்த இடத்தில் இரண்டு ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் பெயின்ட் அடித்திருந்தது. கொடியில் சட்டைகள் காய்ந்தன. சர்வேயரைப் போல் இருவர் நுழையக்கூடிய சட்டைகள். சாவி பூட்டை அசைத்தார். தங்கை எட்டிப் பார்த்தாள். அவரை அடையாளம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது மகள் முனகத் தொடங்கினாள். வழக்கமான அதே 'ம்'. வீட்டுக்குள் எங்கோ ஆழத்திலிருந்து இன்னொரு 'ம்' எழுந்தது, கனத்த குரலில். இரண்டும் மெல்ல மெல்ல நெருங்கி ஒட்டிக்கொண்டன. எது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆசிரியை சாவியின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை கேட்டைத் திறந்தாள்.

"என் பிள்ளை" என்றாள். "நாப்பத்தோரு வயசு. ரோட்டுக்கு ஓடி ஒரு தடவை வண்டியில அடிபட்டான். அதுக்கப்புறம் அண்ணன்..." சாவியின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

தாழ்ப்பாள் எண்ணெய் போட்டு வழவழவென்று இருந்தது. சாவி அதை இழுக்கவில்லை. திருகாணி ஒவ்வொன்றாகக் கழற்றி மொத்தமாகவே எடுத்துவிட்டார். கதவு திறந்தது. சுத்தமான அறை, மடித்த போர்வை. நரைத்த தலையோடு பெரிய உருவம் ஒன்று சுவரைப் பார்த்து நின்றது. தோள் உயரத்துக்குச் சுவர் முழுக்க ஒரு பட்டை, வருடக்கணக்காகத் தடவித் தடவிக் கண்ணாடிபோல் பளபளத்தது. மகள் உள்ளே போகவில்லை. நிலைப்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து, உள்ளே நின்றவரும் திரும்பாமலே உட்கார்ந்தார்.

சர்வேயர் கடைப் பையோடு வந்து கூடத்தில் நின்றார். சத்தம் போடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பை நழுவியது, அவர் எடுக்கவில்லை. "எனக்கப்புறம் யாரு பாத்துப்பா? ஊரு சிரிக்குமே தவிர, கூட வருமா?" என்றார், யாரையும் பாராமல்.

"வந்திருக்கோமே சார்" என்றாள் ஆசிரியை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதல் இரண்டு வாரம் தங்கையின் மகன் அறையின் நிலைப்படியைத் தாண்டவே மறுத்தார். ஆசிரியை வீட்டுக்கே போய்வந்தாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருகிறார். தாயும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறாள். சர்வேயர் வாசல்வரை கொண்டுவந்து விடுவார், உள்ளே வரமாட்டார். மருந்துக்கடைக்காரரின் குழந்தையும் அங்கேதான் வருகிறது. சாவியின் மனைவி ஒன்பது நாள் கணவரோடு பேசவில்லை. உள்ளறைக்கு வெளியே தாழ்ப்பாள் வேண்டும் என்று யார் வந்தாலும், "உள்ள யாரு படுப்பாங்க?" என்று கேட்காமல் இப்போது அவர் பையைத் தூக்குவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

மகளுக்குக் காது கூர்மை, அதனால்தான் தெரிந்தது என்று ஆசிரியை சொல்கிறாள். இருக்கலாம். ஒரு மதியம் சாவி தனியாகப் போய்ச் சர்வேயர் வீட்டு கேட் அருகே மூச்சை அடக்கி நின்று பார்த்தார். உள்ளே அந்தக் குரல் முனகிக்கொண்டிருந்ததாகப் பிறகு தங்கை சொன்னாள். தெருவில் துளியும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரரின் குழந்தையோ, சத்தமே போடாத குழந்தை.

மறு வருடமும் ரிப்பன் எடுத்துக்கொண்டு அதே தெருவுக்குப் போனார்கள். எல்லா வீட்டிலும் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். தாராளமாகவே கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் கண்ணும் பெட்டியில் இல்லை. அந்தப் பெண்ணின் விரல்களில்தான் இருந்தது. அவள் கடந்து போனதும் ஒரு மாடி வீட்டு அம்மா சாவியின் மனைவியை ஓரமாக இழுத்தாள்.

"எங்க கேட்ல கட்டல. அப்ப நல்லதுதானே?"

"கட்டினதும் நல்லதுக்குத்தாங்க" என்றாள் அவள். அந்த அம்மாவின் சேலையில் ரிப்பனைக் குத்திவிட்டு, முன்னால் போய்க்கொண்டிருந்த மகளைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.